இல்லறமும் இசையாய்வும்: தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

ஒரு துறையில் ஆழ்ந்து ஆராய்பவர் இல்லறக் கடமைகளில் குறைபட நேரும் என்பதும், இல்லறத்தில் முழுதும் ஈடுபட்டவர்க்கு ஆராய்ச்சி கைகூடாது என்பதும் நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணங்கள். இசைத்துறையில் இச்சிக்கல் இருமடங்காகும். இசையின் இலக்கணத்தை ஆராய நூலறிவும் கணக்கறிவும் வேண்டும். இசையைப் பாடவும் மீட்டவும் நாள்தோறும் தவறாத பயிற்சி வேண்டும். இவ்விரண்டோடு பொருளீட்டவும் மக்களை வளர்க்கவும் வேண்டுமெனில், ஒரு நாளின் அறுபது நாழிகையும் போதா.

மாலை வேளைகளில் வீணையொலியும் பாட்டொலியும் கேட்கும் நம் நங்கநல்லூரில், பணி முடிந்து பழவந்தாங்கல் நிலையத்தில் இறங்கி, வீட்டுவேலையும் முடித்த பின்னரே தம்புராவைத் தொட இயலுகின்ற பெண்கள் பலர் உளர். ஆய்வுப்பட்டத்திற்குப் பதிவு செய்துவிட்டு, பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்று ஆண்டுதோறும் ஆய்வேட்டைத் தள்ளிவைப்போரும் உளர். இவர்களுக்கு மேற்சொன்ன வினா வெறும் ஏட்டு வினா அன்று. அவ்வினாவுக்கு விடை தேடுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை ஒன்று தஞ்சையில் வாழப்பெற்றது. அதுவே கருணாமிர்த சாகரம் தந்த ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை.

பிறப்பும் பயிற்சியும்

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். தந்தையார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறித்தவ நெறி தழுவிய எளிய குடும்பம். ஆசிரியப் பயிற்சி பெறுவதற்காகத் திண்டுக்கல் சென்றார். பயிற்சிப் பள்ளிப் படிப்போடு அவர் மனம் அமையவில்லை. புகைப்படக் கலை போன்ற புதுக்கலைகளில் ஆர்வம் சென்றது. சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் பயின்றதும் அங்கேதான். பின்னாளில் இந்தியா முழுவதும் பேசப்பட்ட இசையாய்வுக்கு வித்து இவ்வாறு ஓர் ஆசிரிய மாணவரின் ஓய்வு நேரத்தில் ஊன்றப்பட்டது.

திண்டுக்கல்லில் இருந்த காலத்திலேயே சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, சித்த மருத்துவ முறைகளை அவரிடம் கற்றார். அவர்பால் பண்டிதர் கொண்ட பற்று வாழ்நாள் இறுதிவரை குன்றவில்லை. தம் மருந்துகளுக்கும், தோட்டத்திற்கும், இசை நூலுக்கும் அம்முனிவரின் பெயரையே பல்வேறு வகையில் வழங்கினார். மருத்துவம் ஒரு குருவிடமிருந்தும், இசை மற்றொரு குருவிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது. இவற்றுள் முன்னது பின்னதைத் தாங்கும் தூணாகும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க இயலாது.

இல்லறத் தொடக்கம்

1882ஆம் ஆண்டு இறுதியில் ஞானவடிவு பொன்னம்மாளைப் பண்டிதர் மணந்தார். பொன்னம்மாளும் கல்வி கற்றவர், ஆசிரியப் பணிக்குரியவர். பெண் கல்வி அருகியிருந்த அந்நாளில், கணவனும் மனைவியும் ஆசிரியராய் அமைந்த இல்லறம் அரியதொன்றாகும். 1883இல் இருவரும் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பணி ஏற்றனர். பொன்னம்மாள் தலைமையாசிரியர், பண்டிதர் தமிழாசிரியர். ஒரே பள்ளியில் மனைவியார் தலைமை ஏற்க, அவர்க்குக் கீழ்ப்பட்ட பொறுப்பில் கணவர் பணியாற்றினார். இந்நூற்றாண்டிலும் சில இல்லங்களில் மனத்தாங்கல் விளைவிக்கக்கூடிய அந்நிலையை அவர் இயல்பாக ஏற்றார். ஏழாண்டுகள் இருவரும் அங்கே பணிபுரிந்தனர்.

1890இல் இருவரும் பள்ளிப் பணியை விட்டனர். கருணானந்தர் பெயரால் வழங்கிய சஞ்சீவி மருந்துகளுக்கு நற்பெயர் பெருகி வந்ததால், முழுநேரமும் மருத்துவத்தில் ஈடுபட முடிவு செய்தனர். பண்டிதர் என்னும் சிறப்புப் பெயர் அவர்க்கு மருத்துவத்தால் நிலைத்ததே. மருந்து செய்தல், விற்றல், கணக்கு வைத்தல் ஆகியன அனைத்தும் இல்லத்தைச் சுற்றி நடைபெற்ற தொழில். ஊதியம் பெறும் வேலையை ஒருவர் விட்டு மற்றவர் தொடர்வதே எச்சரிக்கையான குடும்பத்தின் வழி. இங்கோ இருவரும் ஒருசேர விட்டனர். இத்துணிவு பண்டிதருடையது மட்டுமன்று. தலைமையாசிரியர் பதவியைத் துறந்த பொன்னம்மாளுடையதுமாகும்.

மருத்துவத்தால் வந்த பொருளைக் கொண்டு தஞ்சையின் புறத்தே நிலம் வாங்கிப் பெருந்தோட்டம் ஒன்றை அமைத்தனர். கருணானந்தபுரம் என அவர் பெயரிட்ட அத்தோட்டத்தை மக்கள் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். மூலிகைகளோடு கரும்பு முதலியவற்றையும் ஆராய்ச்சி நோக்கில் பயிரிட்டார். வேளாண்மைக் கண்காட்சிகளில் அவருடைய விளைபொருள்கள் பரிசு பெற்றன. 1908இல் சென்னை மாகாண ஆளுநர் சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தை நேரில் வந்து பார்வையிட்டார். 1909இல் அரசு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது.

இசைக்கென இருப்பு

பண்டிதரின் முதல் இசைநூல் வெளிவந்தது 1907இல். அப்போது அவர்க்கு அகவை நாற்பத்தெட்டு. கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் அந்நூல் ஆய்வு நூலன்று. தொடக்க மாணவர்க்கான பாட நூல். அந்நாளில் இசை பயிலத் தொடங்கும் தமிழ்க் குழந்தை, கீதம் முதற்கொண்டு பொருள் விளங்காத தெலுங்கிலும் வடமொழியிலுமே பயில வேண்டியிருந்தது. கீதம் முதலிய பயிற்சிப் பாடல்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைத் தமிழில் சுரக் குறிப்புகளோடு அமைத்துத் தந்தார் பண்டிதர். தமிழிசை இயக்கம் வலுப்பெற்றுச் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய 1943க்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது.

பாடம் சொல்லித் தரும் முயற்சியே ஆராய்ச்சிக்கு வழி திறப்பது கல்வித்துறையில் உள்ளோர் அறிந்ததே. சுரத்தைக் கற்பிக்கப் புகுவோன், சுரங்களுக்கிடையே உள்ள நுண்ணிய அளவுகளான சுருதிகள் எத்தனை என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒரு தானத்தில் இருபத்திரண்டு சுருதிகள் என்பது, பதின்மூன்றாம் நூற்றாண்டினரான சாரங்கதேவரின் சங்கீத ரத்நாகரத்தைச் சார்ந்து பலரும் கூறிவந்த முடிபு. ஆனால் அந்த இருபத்திரண்டும் எவ்வெவ் இடத்தில் நிற்பன என்பதில் அறிஞர் இருவர் ஒத்துரைக்கவில்லை. பாடுவோர் பாடியது ஒன்றாகவும் நூல் கூறியது மற்றொன்றாகவும் இருந்தன. இம்முரணே பண்டிதரைப் பற்றிக்கொண்டது.

பிரிவும் பெரும்பணியும்

1911ஆம் ஆண்டு பொன்னம்மாள் மறைந்தார். ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுக்கால இல்லறத் துணை அது. ஆசிரியப் பணியிலிருந்து மருத்துவத்திற்கும், மருத்துவத்திலிருந்து தோட்டத்திற்கும் குடும்பம் இடம்மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் உடன் நின்றவர், அவ்வுழைப்பின் பயன் இசையாய்வாய்க் கனியத் தொடங்கிய வேளையில் மறைந்தார். பண்டிதர் பின்னர்ப் பாக்கியம் அம்மையாரை மணந்தார். பெரிய குடும்பம், பெரிய தொழில், பெரிய விருந்தினர் கூட்டம் ஆகியவற்றுக்கிடையே அவ்வம்மையாரும் இல்லத்தை நடத்தினார்.

1912ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அமைப்பைப் பண்டிதர் நிறுவினார். 1912 முதல் 1916 வரை அச்சங்கத்தின் சார்பில் ஏழு மாநாடுகள் நடைபெற்றன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் உள்ளிட்ட இசைவாணர் பலர் கலந்துகொண்டனர். வந்தவர் உண்ண, தங்க, பயணம் செய்ய ஆகிய செலவின் பெரும்பகுதியைப் பண்டிதரே ஏற்றார். சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றியது 1928இல்தான். ஆய்வுரையும் இசையரங்கும் ஓரிடத்தில் நிகழும் முறை, அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னரே தஞ்சையில் ஒரு மருத்துவரின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. மாநாடு என்பது மேடையில் மட்டும் நடப்பதன்று. எத்தனை இலை போடுவது, எவர்க்கு எந்த அறை, யாருக்கு வெந்நீர் என்ற கணக்குகளும் அதில் அடங்கும். வரலாறு முன்னதை மட்டும் எழுதி வைக்கும்.

ஆய்வின் உள்ளீடு

பண்டிதர் தம் வினாவுக்கு விடை தேடியது சிலப்பதிகாரத்தில். உ.வே. சாமிநாதையர் அந்நூலை 1892இல் அச்சிட்டு வெளிப்படுத்தியிருந்தார். அரங்கேற்று காதைக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் அடியார்க்குநல்லார் முதலிய உரையாசிரியர்கள் தந்துள்ள இசைக் குறிப்புகள், தமிழாசிரியர்க்கு இசை தெரியாமையாலும் இசைவாணர்க்குப் பழந்தமிழ் தெரியாமையாலும் பொருள் விளங்காமல் கிடந்தன. தமிழாசிரியராகவும் பிடில் பயின்றவராகவும் இருந்தமையால் பண்டிதர்க்கு இரு வாயிலும் திறந்தன.

அவர் கண்ட முறையை எளிமையாக இவ்வாறு கூறலாம். ஒரு வட்டம் வரைந்து அதனைப் பன்னிரண்டு வீடுகளாகப் பகுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் குரல் என்னும் ச நிற்கட்டும். அதிலிருந்து ஏழு வீடு தள்ளி நிற்பது இளி என்னும் ப. அந்த இளியைக் குரலாகக் கொண்டு மீண்டும் ஏழு வீடு தள்ளினால் மற்றொரு சுரம் பிறக்கும். இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால் எந்த வீடும் விடுபடாமலும், எந்த வீடும் இருமுறை வாராமலும், தொடங்கிய வீட்டுக்கே வந்து சேரலாம். பன்னிரண்டு வீடும் சம அளவுடையனவாக இருந்தாலன்றி இவ்வட்டம் மூடாது. ஒவ்வொரு வீட்டையும் இரண்டாகப் பகுத்தால் இருபத்துநான்கு சுருதி. இதுவே வட்டப்பாலை குறித்து அவர் கொண்ட முடிபு. ஆயப்பாலையில் பன்னிரண்டு, வட்டப்பாலையில் இருபத்துநான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு எனப் பழந்தமிழர் நுண்ணலகுகளை மேன்மேலும் பகுத்தறிந்தனர் என்பது அவர் துணிபு.

இக்கொள்கையை அனைவரும் ஏற்றனர் அல்லர். தந்தியின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் பிறக்கும் இயற்கையான பஞ்சமத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கினால், முடிவில் வரும் ஒலி தொடங்கிய சுரத்தைச் சிறிதளவு கடந்து நிற்கும் என்பது கணக்கறிந்தோர் காட்டும் தடை. சமபகுப்பு மேலைநாட்டுப் பியானோவுக்கு உரியதேயன்றி நம் செவிக்கு உரியதன்று என்பாரும் உண்டு. இன்றளவும் இவ்வழக்கு முடிந்தபாடில்லை. ஆயினும் சிலப்பதிகார இசைப்பகுதி வெறும் புனைவன்று, கணக்கிட்டுச் சரிபார்க்கத்தக்க முறைமை உடையது என்பதை முதன்முதலில் விரிவாக நிறுவ முனைந்தவர் பண்டிதரே. அவர்க்குப் பின் வந்தோர் அவரோடு உடன்பட்டோ முரண்பட்டோ பேசினர். அவரை விடுத்துப் பேச இயலவில்லை.

பரோடாவில் இரு மகளிர்

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பரோடாவில் அனைந்திந்திய இசை மாநாடு முதன்முறையாகக் கூடியது. மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் ஆதரவில், விஷ்ணு நாராயண பாத்கண்டே முன்னின்று நடத்திய மாநாடு அது. வடநாட்டு இசையறிஞரும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளரும் குழுமிய அவ்வவையில் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைக்கப் பண்டிதர் அழைக்கப்பெற்றார்.

பரோடா பயணம் அந்நாளில் பல நாள் இரயில் பயணம். பண்டிதர் தனியே செல்லவில்லை, குடும்பத்தினரோடு சென்றார். அவருடைய கட்டுரை கூறிய கொள்கையை அவையோர் செவியால் கேட்டு உணருமாறு வீணையில் மீட்டியும் வாயால் பாடியும் காட்டியவர்கள் அவருடைய மகளிர் மரகதவல்லியும் கனகவல்லியும் ஆவர்.

இதன் அருமையை இன்றைய வாசகர் உணரச் சற்று விளக்கம் வேண்டும். வீணையில் உள்ள மெட்டுகள் இருபத்துநான்கு. ஆனால் அவை இரண்டு தானத்துக்குரியன. ஒரு தானத்துக்குப் பன்னிரண்டே மெட்டு. அப்பன்னிரண்டுக்கு இடைப்பட்ட நுண்சுருதிகளைத் தந்தியை இழுத்தே காட்ட வேண்டும். இழுப்பு மயிரிழை மிகினும் சுருதி தவறும். ஆகவே எண்களால் எழுதிய கொள்கை மெய்யா பொய்யா என்பது, அறிஞர் அவையில் அவ்விரு பெண்களின் விரல்நுனியிலும் குரலிலும் நின்றது. பல்லாண்டுப் பயிற்சியின்றி இது இயலாது. தந்தையின் ஆய்வறையும் மகளிரின் பயிற்சியறையும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையாலேயே அப்பயிற்சி கைவந்தது.

காலத்தையும் கருத வேண்டும். பெண்கள் பொதுமேடையில் இசை நிகழ்த்துவது இசை வேளாளர் குலத்து மகளிர்க்கே உரியதெனப் பிறர் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. வீணை தனம்மாள் புகழின் உச்சியில் இருந்தார். எனினும் பிற குடும்பத்துப் பெண்கள் அவைக்கு வந்து வாசிப்பதை ஊர் ஏற்கவில்லை. அந்நாளில் ஒரு தமிழ்க் கிறித்தவ மருத்துவர் தம் மகளிரை வடநாட்டு மன்னர் நகரில் அறிஞர்முன் அமர்த்தினார். அணிகலனாக அன்று, ஆய்வின் சான்றுரைப்போராக அமர்த்தினார். கருத்து வேறுபட்டோரும் அவர்களின் இசைத்திறத்தைக் குறைகூற இயலவில்லை.

நூலும் நிறைவும்

ஆராய்ச்சி முடிவுகளை அச்சிடும் பொறுப்பையும் பண்டிதர் பிறரிடம் விடவில்லை. தஞ்சையில் லாலி மின் அச்சகம் என்னும் பெயரில் அச்சகம் ஒன்றை அமைத்தார். சுரக் குறிப்புகளும் கணக்கு அட்டவணைகளும் நிரம்பிய நூலை வேறோர் அச்சகத்தார் பிழையின்றி முடித்துத் தருதல் எளிதன்று. 1917இல் கருணாமிர்த சாகரம் முதல் புத்தகம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அப்பெருநூலைப் பல்கலைக்கழகம் எதுவும் பணிக்கவில்லை. நல்கை எதுவும் தாங்கவில்லை. மருந்து விற்ற பணத்தில், தோட்டத்து விளைச்சலில், ஒரு குடும்பத்தின் உழைப்பில் உருவான நூல் அது.

அடுத்த புத்தகத்தை அச்சேற்றும் முன்னர் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் தம் அறுபதாம் அகவையில் மறைந்தார். தாம் வளர்த்த கருணானந்தபுரத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

பொதுவாக இத்தகைய ஆய்வு ஆசிரியரோடு முடிந்துவிடும். கையெழுத்துப் படிகள் பரணில் கிடந்து செல்லரிக்கும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. இராகங்களின் இலக்கணம் கூறும் இரண்டாம் புத்தகம் 1946இல் வெளிவந்தது. வெளிக்கொணர்ந்தவர் பரோடாவில் வீணை மீட்டிய அதே மரகதவல்லி. தந்தை மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வளவு காலம் தம் குடும்பப் பொறுப்புகளுக்கிடையே அப்பணியை அவர் கைவிடாமல் காத்தார். மகன் வரகுண பாண்டியன் பழந்தமிழ் யாழைப் பற்றிப் பாணர் கைவழி என்னும் நூலை 1950இல் வெளியிட்டார். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வந்தபின் எழுந்த கருத்துப் போரில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு. பேரர் து.ஆ. தனபாண்டியன் இசைப் பேராசிரியராக விளங்கி, நுண்ணலகுகள் பற்றிய ஆய்வைப் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டுசென்றார். மூன்று தலைமுறை ஒரே வினாவைத் தொடர்ந்தது.

நாம் கொள்ளத்தக்கது

பண்டிதர் இல்லறத்தையும் இசையாய்வையும் எவ்வாறு ஒருங்கே நடத்தினார் என்னும் வினாவுக்கு மேற்கண்ட செய்திகள் விடை தருகின்றன. நேரத்தைக் கூறுபோட்டு ஒரு பங்கு வீட்டுக்கும் ஒரு பங்கு ஆய்வுக்கும் என்று அவர் வாழவில்லை. முதலில் வருவாய்க்கு வழி தேடி, அது நிலைபெற்ற பின்னரே பேராய்வில் இறங்கினார். இறங்கியபோது குடும்பத்தை அதற்கு வெளியே நிறுத்தவில்லை. இல்லமே மாநாட்டுக் கூடமாயிற்று. மக்களே உடன் ஆய்வாளராயினர். ஆய்வு குடும்பத்தின் பொதுச்சொத்தானதால்தான் அவர் மறைந்தபின்னும் அது மறையவில்லை.

இப்பாராட்டோடு நிறுத்திக்கொள்வது எளிது, ஆனால் நேர்மையாகாது. பண்டிதர்க்குக் கைகூடிய ஒருமைப்பாட்டின் விலையைச் செலுத்தியோர் பட்டியலில் அவர் மட்டும் இல்லை. தலைமையாசிரியர் பதவியைத் துறந்த பொன்னம்மாள், மாநாட்டுக் காலத்து இல்லத்தை நடத்திய பாக்கியம் அம்மையார், சுருதி தவறாத விரல்களைத் தந்தையின் கொள்கைக்கு ஈந்த மகளிர் ஆகியோரும் அதில் உளர். நூலின் முகப்பில் ஒரு பெயரே உள்ளது. இசை வரலாறுகள் பொன்னம்மாளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெருநூல் எழுதிய ஆடவர்க்குப் பின்னே ஒரு பொன்னம்மாள் இருந்தார். இன்று நூல் எழுத முனையும் பெண்ணோ, தானே பண்டிதராகவும் தானே பொன்னம்மாளாகவும் இருக்க வேண்டியுள்ளது. அவள் ஆய்வேடு காலந்தாழ்வதற்கு அறிவுக்குறை காரணமன்று.

ஆகவே பண்டிதர் வாழ்விலிருந்து பெண்கள் மட்டும் பாடம் கற்க வேண்டுமென்பது பொருந்தாது. இல்லங்கள் கற்க வேண்டும். மனைவி தலைமை ஏற்ற பள்ளியில் மனம் கோணாமல் பணிபுரிந்தவர், மகளிரின் வீணையை விருந்தினர்க்கான பொழுதுபோக்காகக் கருதாமல் ஆய்வுக் கருவியாக மதித்தவர் என்பன அவர் இருபத்துநான்கு சுருதிக்குக் கொடுத்த விளக்கத்திற்குக் குறைந்த சிறப்புகள் அல்ல. சுருதிக் கொள்கையில் அறிஞர்கள் இன்னும் வழக்காடட்டும். ஒருவரின் ஆய்வு வீட்டாரின் பொதுக்கடன் என்று ஓர் இல்லம் ஏற்றுக்கொண்டால் எத்துணைப் பெரும்பணி விளையும் என்பதற்குக் கருணாமிர்த சாகரம் சான்றாக நிற்கிறது. அக்கடனை இனி மகளிர்க்கும் மனைவியர்க்கும் செலுத்துவதே பண்டிதரை நினைவுகூர்வதற்குத் தக்க வழியாகும்.